எல்லாம் மெதுவாகச் செய்வதுதான்

"நாலும் யோகாதானே மேடம், நாலுக்கும் என்ன வித்தியாசம்?"

அன்று காலையில் இந்தக் கேள்வி வருவது ஆறாவது தடவை. ரிசப்ஷன் அக்கா ரிசீவரைக் காதுக்கும் வலது தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் லாக்கர் சாவியை யாருக்கோ நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் நோட்டீசைப் புரட்டினாள். நோட்டீஸ் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும், தான் அசந்திருந்த நேரத்தில் யாராவது புண்ணியவான் கூடுதலாக ஒரு வரி எழுதி வைத்திருக்க மாட்டானா என்கிற நப்பாசையில் ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள்.

திங்கள் ரெஸ்டரேட்டிவ். புதன் யின். வியாழன் சேர் யோகா. சனி யோக நித்திரை. நான்குக்கும் கீழே ஒரே வரிதான். 'உடலுக்கும் மனதுக்கும் இதம் தரும் மென்மையான பயிற்சி.'

"நாலும் மென்மையான பயிற்சி சார்."

"அதான் போட்டிருக்கே. மென்மைல எது ரொம்ப மென்மை?"

அந்த உடற்பயிற்சி மையத்தின் முன்மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த டிரெட்மில் எந்த வேகத்தில் கிறீச்சிடும், நீச்சல் குளத்துக்கு எந்தக் கிழமை மருந்து போடுவார்கள், முப்பத்திரண்டாம் நம்பர் லாக்கரை எப்படி ஒரு தட்டு தட்டித் திறப்பது, எல்லாம் தெரியும். மாடியில், எடை தூக்கும் கூடத்துக்கு நேர் மேலே இருந்த யோகா அறைக்குள் மட்டும் அவள் கால் வைத்ததில்லை. அங்கே வகுப்பு நடக்கும்போது கதவு மூடியிருக்கும். வகுப்பு இல்லாதபோது அவளுக்கு நேரம் இருக்காது.

மேனேஜரிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. அவர் நல்ல மனிதர்தான். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அனுப்ப மாட்டார். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"எல்லாமே ஸ்லோவா பண்றதும்மா. அவ்ளோதான். ஸ்லோன்னு சொல்லுங்க."

"ஸ்லோன்னா எது, என்னன்னு கேக்கறாங்க சார்."

"எந்த நாள் வசதின்னு கேளுங்க. அந்த நாள் கிளாஸ்ல போட்டுடுங்க. முடிஞ்சுது."

அதன்பிறகு அவள் அப்படியே செய்யத் தொடங்கினாள். கேள்வி முடியுமுன்பே, "எல்லாம் ஒன்னுதாங்க, எந்த நாள் வசதி?" என்பாள். இப்படிக் கேட்டால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் முறைக்க மாட்டார்கள். இத்தனை நாள் இது தோன்றாமல் போனதே என்றுகூட நினைத்தாள்.

அப்படிப் பெயர் கொடுத்தவர்களில் ஒருத்தர் தையல்காரம்மா. அறுபத்தொரு வயது. இரண்டு தெரு தள்ளி, வீட்டின் முன்னறையிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர். டாக்டர்தான் லேசான யோகா ஏதாவது செய்யச் சொன்னாராம். புதன்கிழமை வசதி என்றார். புதன்கிழமை யின். போட்டாயிற்று.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலையில் ஒரு ஆள் போன் செய்தார். குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினார்.

"எங்கம்மா நேத்து உங்க கிளாசுக்கு வந்தாங்க. இன்னைக்கு காலைல கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியல. முதுகு பிடிச்சுக்கிச்சு. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். எலும்பு முறியல, அதுவரைக்கும் தப்பிச்சோம்கிறார். எலும்பு பலமில்லாதவங்களை யாரு இவ்ளோ நேரம் குனிஞ்சே உட்கார வெச்சதுன்னு கேக்கறார். நான் யாரைக் கேக்கணும்?"

தையல்காரம்மாவின் மகன். வேன் ஓட்டுபவர்.

"அந்த மாஸ்டர்கிட்ட..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"மாஸ்டரை அப்புறம் கேக்கறேன். எல்லாம் ஒன்னுதான்னு போன்ல ஒரு லேடி சொன்னாங்களாம். அது யாருன்னு முதல்ல சொல்லுங்க."

வரிசையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

"விசாரிச்சு சொல்றேங்க," என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு கை கொஞ்ச நேரம் ரிசீவர் மேலேயே இருந்தது.

மறுநாள் மேனேஜர் நான்கு வகுப்பும் நடத்துகிறவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். குறிப்பெடுக்க ரிசப்ஷன் அக்காவையும் உட்கார வைத்தார். ஒரு பக்கம் எழுதிய பிறகு அவள் பேனாவை மூடிவிட்டாள். குறிப்பெடுக்கும்படி யாரும் எதுவும் பேசவில்லை.

திங்கள் வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் தலையணை டீச்சர். அவர் வகுப்புக்கு மட்டும் முப்பது தலையணை, முப்பது கம்பளி, ஒரு வண்டி நிறைய மாடிக்குப் போகும். அவர்தான் முதலில் பேசினார்.

"என்கிட்ட அனுப்பியிருந்தா இது நடந்தே இருக்காது. இதமான யோகான்னா என்னோடதுதான். மத்ததெல்லாம் கொஞ்சம் முரடுதான்."

யின் மாஸ்டர் முன்பு ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர். முப்பது வயதுகூட இருக்காது. முகம் வெளுத்துப் போயிருந்தது. "நான் வகுப்பு ஆரம்பிக்கறப்ப கேட்டேன். யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு. அந்தம்மா கையைத் தூக்கல."

"இருபது பேர் நடுவுல எந்தப் பொம்பளை கையைத் தூக்கி எனக்கு எலும்பு தேஞ்சிருக்குன்னு சொல்லுவா?" இது வியாழக்கிழமை நர்சம்மா. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் முதல் நாளே பேப்பர் கொடுத்து எழுதி வாங்கிடுவேன். என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு வரைக்கும்."

"உங்க வகுப்புல நாற்காலியில உட்கார்ந்துகிட்டு கையை ஆட்டறாங்க. அதுக்கு எதுக்கு மாத்திரை லிஸ்ட்?" என்றார் தலையணை டீச்சர்.

"ஒரு நாள் வந்து ஆட்டிப் பாருங்க."

சனிக்கிழமை யோக நித்திரை சாருக்கு வானொலிக் குரல். கண்ணை மூடிக்கொண்டு, "அந்தம்மா மூச்சை கவனிச்சிருந்தா உடம்பே சொல்லியிருக்கும்," என்றார்.

நர்சம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

முடிவில் மேனேஜர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 'பயிற்சியில் ஏற்படும் பாதிப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று மாடிப்படியில் ஒரு பலகை மாட்டுவது. கூட்டம் முடிந்தது. போனில் அப்படிச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கலைந்து போகும்போது நான்கு பேரையும் மறித்து நின்றாள். "ஆளுக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. உங்க வகுப்புல என்ன பண்ணுவீங்க, யாருக்கு நல்லது, யாருக்கு வேண்டாம். அஞ்சு வரி போதும்."

நான்கு தாள்களும் இரண்டு நாளில் வந்தன. தலையணை டீச்சர், 'பூமி உங்களைத் தாங்குகிறது என்பதை உணரும் தருணம்' என்று எழுதியிருந்தார். யின் மாஸ்டர், 'அசைவின்மையின் ஆழத்தில் ஒரு பயணம்.' சனிக்கிழமை சார் முன்னும் பின்னும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார், அதில் 'பேரமைதி' பதினொரு இடத்தில் வந்தது. நர்சம்மா மட்டும் எண் போட்டு எழுதியிருந்தார், ஆனால் அந்தக் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர்தான் படிக்க முடியும்.

நாளைக்கு யாராவது போனில், முட்டி வலிக்கு எது என்று கேட்டால், பூமி உங்களைத் தாங்குகிறது என்றா சொல்வது? அவளுக்கு வந்த எரிச்சலில் நான்கு தாள்களையும் டிராயரில் போட்டு அடித்துச் சாத்தினாள். பிறகு மேனேஜர் அறைக்குப் போய், அடுத்த வாரம் அந்த நான்கு நேரத்துக்கும் தன் இடத்தில் வேறு யாரையாவது உட்கார வைக்கச் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"வகுப்புக்குப் போறேன் சார்."

"உங்களுக்கு எதுக்கு யோகா?"

"எனக்கு வேண்டாம் சார். எனக்குப் போன் எடுக்கணும்."

திங்கட்கிழமை வகுப்பில், படுக்கவே பத்து நிமிடம் ஆனது. முதுகுக்கு ஒரு நீளத் தலையணை, முட்டிக்கு அடியில் ஒன்று, கைக்கு ஒன்று, கழுத்துக்குச் சுருட்டிய துண்டு, கண்ணுக்கு மேல் ஒரு சின்னப் பை. அலமாரியில் கண்ணாடிச் சாமான் அடுக்குவதுபோல அவளை அடுக்கினார் டீச்சர்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"ஒன்னும் பண்ண வேண்டாம்."

"எவ்ளோ நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம்."

ஒரு மணி நேரத்தில் மொத்தம் மூன்றே நிலை. எதையும் இழுக்கவில்லை, வளைக்கவில்லை. கீழே கூடத்தில் யாரோ இரும்பைத் தரையில் போட்டார்கள். முதல் நிலையில் கிடந்தபோது, முப்பத்திரண்டாம் லாக்கர் சாவி திரும்பி வந்ததா என்று யோசித்தாள். இரண்டாவதில், தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் போனை எடுக்கிறாளா என்று காதைத் தீட்டினாள். எடுக்கவில்லை. எட்டு தடவை அடித்து நின்றது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் இத்தனை தலையணையிலிருந்து எப்படி எழுவது என்று தெரியவில்லை. மூன்றாவது, சுவரில் கால்களைச் சாய்த்துப் படுப்பது. அதில்தான் போன் அடித்தும் அவள் காதில் விழாமல் போனது. வகுப்பு முடிந்ததும் தலையணை டீச்சர், "எப்படி இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டார். "கால் வீக்கம் வத்தின மாதிரி இருக்கு," என்றாள். பூமி தாங்கியதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று டீச்சர் எதிர்பார்த்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்து வீட்டிலும் சுவரில் கால் வைத்துப் பார்த்தாள். டைல்ஸ் போடும் வேலை பார்க்கும் கணவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன விழுந்துட்டியா?"

"இல்ல. ஓய்வெடுக்கறேன்."

"அது சரி. குதிகாலை எடு. அந்தச் சுவருக்குப் போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன்."

புதன்கிழமை யின். தரையில் உட்கார்ந்து, பாதங்களைச் சேர்த்து, முன்னால் சாய்ந்து, அப்படியே ஐந்து நிமிடம். முதல் நிமிடம் இதிலென்ன இருக்கிறது என்று தோன்றியது. இரண்டாவது நிமிடம் இடுப்பின் உள்ளே, இத்தனை வருடம் இருப்பதே தெரியாத ஓர் இடம் மெல்ல முனகியது. மூன்றாவது நிமிடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் மேனேஜர் மேல், பிறகு பெயின்ட் மேல், பிறகு போனில் கேள்வி கேட்ட ஒவ்வொருவர் மேலும். நான்காவதில் கோபம் வளைந்து தன் பக்கமே திரும்பியது. தையல்காரம்மா இதே அறையில் இதே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

"சதையைத் தளர்த்தி விடுங்க. மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வு, அது மெதுவாத்தான் இளகும். அவசரப்படுத்தாதீங்க. முடிஞ்ச வரைக்கும் கீழ போங்க," என்று யின் மாஸ்டர் சொல்லிக்கொண்டே நடந்தார். குரலில் பழைய துணிச்சல் இல்லை. யாராவது முகம் சுளித்தால் உடனே போய்க் குனிந்து பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் கேட்டாள். "யாருக்கு இது நல்லது? பயணம் கியணம்னு சொல்லாம சொல்லுங்க."

அவர் யோசித்துச் சொன்னார். "நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து இடுப்பு, தொடை இறுகிப் போனவங்களுக்கு. ஓடறவங்களுக்கு. எலும்பு பலமில்லாதவங்களுக்கு இப்படி நான் நடத்தவே கூடாது. மூட்டு ஏற்கனவே ரொம்ப வளையறவங்க, புதுசா அடிபட்டவங்க, அவங்களும் வேண்டாம்." நிறுத்திவிட்டு, "இதை நான் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும்," என்றார்.

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும்," என்றாள்.

வியாழக்கிழமை நாற்காலி வகுப்பில் நிம்மதியாக உட்காரலாம் என்று போனாள். நர்சம்மா உட்கார விட்டால்தானே. நாற்காலி நுனியில் நிமிர்ந்து, பாதத்தை ஊன்றி, ஒவ்வொரு மூட்டாக, கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை. பிறகு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. பக்கத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் கொக்கு மாதிரி நின்றார். அவள் இரண்டு தடவை தடுமாறினாள். வலது கையை மேலே தூக்கச் சொன்னபோது கை காதுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"எத்தனை மாசமா இது?" என்றார் நர்சம்மா.

"எது?"

"தோள். போனை இடுக்கி இடுக்கி இறுகிப் போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டு. காட்டிட்டு இங்க வா. கையை வலிய இழுக்காத, எது வரைக்கும் போகுதோ அதுக்கு ஒரு விரல் முன்னாடி நிறுத்து."

தோள் இறுகியிருப்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் சட்டையை இடது கையால் போட்டுக்கொண்டதை ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை வகுப்பில் படுத்தால் போதும். சனிக்கிழமை சார் உட்கார்ந்துகொண்டு பேசுவார். வலது கட்டைவிரலை நினையுங்கள், இரண்டாவது விரலை நினையுங்கள், உள்ளங்கையை நினையுங்கள். "தூங்கிடாதீங்க, விழிப்போட ஓய்வெடுங்க," என்று ஆரம்பத்திலேயே எச்சரித்தார். ரிசப்ஷன் அக்கா வலது முழங்கை வரை நினைத்தாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, பக்கத்துப் பாயில் இருந்த பெண் அவள் தோளைத் தட்டியதுதான். குறட்டை அவளுடையதாம். அந்தக் குறட்டையால் மற்றவர்கள் யாரும் இடது காலுக்கே போக முடியவில்லையாம்.

"பரவாயில்ல," என்றார் சார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க வீட்ல?"

"அஞ்சு."

"அப்ப உடம்பு அதை முதல்ல எடுத்துக்கும். படுத்தாலும் தலைக்குள்ள பேச்சு ஓயாதவங்க நிறைய பேர் இங்க வராங்க. மூட்டு, எலும்பு எது சரியில்லைன்னாலும் வரலாம், எதையும் அசைக்க வேண்டியதில்ல. தரையில படுக்க முடியாதவங்க நாற்காலியிலேயே உட்காரலாம்." பேரமைதி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. இந்த மனிதர் இதை இப்படியே தாளில் எழுதியிருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்க நான்கு காரணம் யோசித்து, நான்கும் சரியில்லை என்று தெரிந்த பிறகுதான் போனாள்.

முன்னறை முழுக்கத் துணி மூட்டை. மிஷின் மேல் பாதி தைத்த சீருடைச் சட்டை ஒன்று, கை இல்லாமல் கிடந்தது. தையல்காரம்மா நிமிர்ந்த நாற்காலியில் இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தார். மகன் கதவைத் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியே போனார். வேன் கதவு பலமாகச் சாத்தப்பட்டது.

"அம்மா, நான் ரிசப்ஷன்ல..."

"தெரியும். குரல் தெரியாதா எனக்கு?"

"எல்லாம் ஒன்னுதான்னு சொன்னது நான்தான். எனக்கு அப்ப ஒன்னும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம அப்படிச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையெங்கும் குண்டூசி.

"நான் எலும்புன்னு ஆரம்பிச்சேன். நீ, ஒரு நிமிஷம் லைன்ல இருங்கன்னு போயிட்ட. பாட்டு வேற போட்டுவிட்ட. என்ன பாட்டு அது, தகர டப்பாவை உருட்டற மாதிரி. திரும்பி வந்து எந்த நாள் வசதின்னு கேட்ட. நான் சொல்ல வந்தது அதுக்குள்ள சப்புன்னு போயிடுச்சு."

"தப்புதாம்மா."

"தப்புதான். இல்லைன்னு நான் சொல்லப்போறதில்ல. எண்பது சட்டை நிக்குது."

"ஏதாவது..."

"பேசாம இரு, நான் இன்னும் முடிக்கல." தையல்காரம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். "முதல் ரெண்டு வாரம் எனக்கு ஒன்னும் ஆகல. நல்லாவே இருந்தது. நாப்பது வருஷமா இந்த ஸ்டூல்லதான் வாசம். அஞ்சு நிமிஷம் தரையில சும்மா உட்காருன்னு என்னை யாரும் சொன்னதில்ல. மூணாவது வாரம் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. அது நெத்தியைக் கொண்டுபோய் தரையில வெச்சுருச்சு. நானும் வெச்சேன்."

"வெச்சீங்களா?"

"வெச்சேனே. அந்தப் பையன் முடிஞ்ச வரைக்கும்னுதான் சொன்னான். எனக்கு முடிஞ்ச வரைக்கும்னா, முடியற வரைக்கும்னு அர்த்தம். அப்படித்தான் தைச்சிருக்கேன் இத்தனை வருஷமும். முதுகு வேண்டாம் வேண்டாம்னுச்சு. நான் கேக்கல. என் பையன்கிட்ட இதைச் சொல்லல. உன்கிட்ட சொல்றேன். அவன்கிட்ட போய் ஊதிடாத."

அவள் தலையாட்டினாள். சிரிக்கப் போனவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுதா நான் கடுப்பாயிடுவேன்," என்றார் தையல்காரம்மா. "அந்த ஊசி டப்பா கொட்டி மூணு நாளாச்சு. என்னால குனிய முடியாது. அவன் பொறுக்கறேன் பொறுக்கறேன்னு செருப்போட நடந்துட்டிருக்கான். உட்கார்ந்து பொறுக்கிக் கொடு."

உட்கார்ந்து பொறுக்கினாள். ஒரு மணி நேரம் ஆனது. மிஷினுக்கு அடியில், மூட்டைக்கு அடியில், பாய் விளிம்பில். தையல்காரம்மா மேலிருந்தபடி, "அங்க ஒன்னு மின்னுது பாரு, இந்தப் பக்கம், இல்ல, உன் முட்டிக்குப் பக்கத்துல," என்று விடாமல் வேலை வாங்கினார். நடுவில் ஒரு ஊசி குத்தி ரத்தம் வந்தது. "வாயில வை," என்றதோடு சரி.

திங்கட்கிழமை அவள் மேனேஜரிடம் நேராகப் போய், போனில் சொன்னது தான்தான் என்றாள்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "அதை ஏன்மா இப்ப சொல்றீங்க? அடங்கிப் போச்சே."

"அவங்க இடுப்புல இன்னும் பெல்ட் இருக்கு சார். ஒன்னும் அடங்கல."

பிறகு தான் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். நான்கு வகுப்பு, ஒவ்வொன்றிலும் என்ன செய்வார்கள், யாருக்கு நல்லது, யாருக்கு வேண்டாம். ரெஸ்டரேட்டிவுக்கு, 'நோயிலிருந்து தேறுகிறவர்கள், எப்போதும் களைப்பாக இருக்கிறவர்கள். உடம்பை இழுத்து வளைக்க நினைத்து வருகிறவர்களுக்குப் பொறுமை போகும்' என்று எழுதியிருந்தாள். சேர் யோகாவுக்கு, 'தரையில் உட்கார முடியாதவர்கள், முட்டி வலி, தடுமாற்றம் உள்ளவர்கள். சும்மா உட்காரலாம் என்று வர வேண்டாம்.' எல்லாவற்றுக்கும் கீழே, உடம்புக்கு ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரவும், முன்மேசையில் தனியாகச் சொல்லவும் என்று ஒரு வரி.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "யாருக்கு வேண்டாம்கிறதை எடுத்துடலாமே. வர்றவங்களை நாமே தடுக்கற மாதிரி இருக்கு."

"அதை எடுத்தா மிச்சத்தையும் எடுத்துடுங்க சார். பழைய நோட்டீசையே வெச்சுக்கலாம். ஆனா போனை நீங்க எடுக்கணும். நான் எடுக்க மாட்டேன்."

ஒன்பது வருடத்தில் அவள் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "எழுத்துப் பிழை இல்லாம அடிக்கச் சொல்லுங்க," என்றார்.

தலையணை டீச்சர் 'பொறுமை போகும்' என்ற வரிக்காக நான்கு நாள் பேசவில்லை. சனிக்கிழமை சார், எங்காவது ஓர் இடத்திலாவது அமைதி என்ற சொல் வர வேண்டும் என்று கெஞ்சினார். ஓர் இடத்தில் போட்டாள். யின் மாஸ்டரிடம் மட்டும் தாளைக் கொடுத்துவிட்டு, தையல்காரம்மா சொன்னதைச் சொன்னாள். மகனிடம் ஊதக்கூடாது என்றுதானே அந்தம்மா சொன்னார், மாஸ்டரிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே.

மாஸ்டர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "எனக்கு முடிஞ்ச வரைக்கும்னா, நிறுத்திக்கோன்னு அர்த்தம்," என்றார். "அவங்களுக்கு அது வேற மாதிரி கேட்டிருக்கு."

அடுத்த புதன்கிழமையிலிருந்து அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். "பாதியில நில்லுங்க, அங்கேயே இருங்க," என்று சொல்லத் தொடங்கினார். ஒரு மாலை தையல்காரம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். மகன் திட்டினாராம். முழுக்கக் கேட்டுவிட்டு வந்தேன் என்றார்.

புதிய நோட்டீசால் போன் குறையும் என்று அவள் நினைத்தது தப்பு. கேள்வி கூடித்தான் போனது. இப்போது அவளே வேறு, எங்கே வலி, எத்தனை நாளாக, தரையில் உட்கார்ந்து எழ முடியுமா என்று கேட்கிறாள். கேட்டால் சனங்கள் சொல்லாமல் விடுவார்களா? ஒரு அம்மா கணுக்காலில் ஆரம்பித்து மருமகள் வரை வந்துவிட்டார். வரிசை வாசல் கதவு வரை நீண்டது. மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சுருக்கமா," என்று கையைச் சுருக்கிக் காட்டுவார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். தோளுக்காக டாக்டர் சொன்னபடி காதில் மாட்டிப் போன் பேசும் ஹெட்செட் ஒன்று வாங்கித் தரச் சொல்லி, அதற்கும் இரண்டு வாரம் அலைய வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை தையல்காரம்மா வந்தார். மகன் வேனில் இறக்கிவிட்டுப் போனார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேசையில் வைத்தார். சேர் யோகா செய்யலாம், முன்னால் மடங்கிக் குனியக் கூடாது, முதுகை முறுக்கக் கூடாது.

முதல் நாளே நர்சம்மாவோடு ஒத்துப்போகவில்லை. நாற்காலி ஆடுகிறது என்றார் இவர். ஆடவில்லை, நீங்கள்தான் ஒரு பக்கமாக உட்காருகிறீர்கள் என்றார் அவர். நாற்பது வருடம் ஒரு காலால் மிஷினை மிதித்தால் அப்படித்தான் உட்கார வரும் என்றார் இவர். அதைத்தான் சரி பண்ணப் போகிறேன் என்றார் அவர். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ரிசப்ஷன் அக்காவிடம் புகார் சொன்னார்கள். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டதற்கு மேல் ஒன்றும் செய்யும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

ஐந்தாவது வாரம் வகுப்பு முடிந்து வந்தபோது, "அடுத்த வாரம் வரமாட்டேன்," என்றார் தையல்காரம்மா. "சீருடை ஆர்டர் இருக்கு."

"நர்சம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"அவ சொல்லாத நாள் எது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நிக்கணுமாம். ஸ்டூலுக்குப் பின்னாடி ஒரு தலையணை வேற வெக்கச் சொல்றா. வெச்சிருக்கேன்." கையை மெல்ல மேலே தூக்கி, தலைக்குப் பின்னால் கொண்டையைச் சரி செய்துகொண்டார். "தையல் கொஞ்சம் மெதுவாத்தான் போகுது. போகட்டும்."

"அதுக்கு அடுத்த வாரம் வருவீங்களா?"

"பார்க்கலாம்."

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. தையல்காரம்மா அவசரப்படாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ரிசப்ஷன் அக்கா பதிவேட்டில் அதற்கு அடுத்த வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டி அவர் பெயரை எழுதிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.